மாலக்கியின் எண்ணெய்

கால்வே நெடுஞ்சாலையில், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டிருக்க, ஓர்லாவின் வண்டி செத்துப்போனது. வாங்கி ஆறு வருஷம்கூட ஆகவில்லை. எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியது எல்லாம் ஓர் ஓட்டமா?

அவள் குடியிருக்கும் ஆத்லோனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜார்லத் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். இன்ஜினுக்கு அடியிலிருந்த எண்ணெய்த் தட்டைக் கழற்றி அவள் முன்னால் நீட்டினான். அடியில் கறுப்புத் துணுக்குகள் மண்டியாகக் கிடந்தன.

"இது என்ன தெரியுமா? உன் இன்ஜினோட பெல்ட். கரைஞ்சு போய் எண்ணெய் போற வழிய அடைச்சிடுச்சு. இன்ஜின் எண்ணெய் இல்லாம காஞ்சே செத்திருக்கு."

"பெல்ட் எப்படி எண்ணெய்க்குள்ள வந்துச்சு?"

"அங்கதான் வச்சிருக்கான்! ரப்பர் பெல்ட்ட எண்ணெயில ஊறப்போட்ட புத்திசாலிய நான் பாக்கணும், ரெண்டு வார்த்தை கேக்கணும். சரியான எண்ணெய் ஊத்தினாக்கூட இது சீக்கிரம் போயிடும். இதுல இருக்கிறது டிராக்டர் எண்ணெய் மாதிரி இருக்கு. யாரு ஊத்தினது?"

யார் ஊற்றினது என்று ஓர்லாவுக்குத் தெரியும்.

மூன்று ஞாயிறுக்கு ஒருமுறை அவள் பெல்மல்லெட்டில் இருக்கும் அப்பா மாலக்கியின் வீட்டுக்குப் போவாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடித்ததும் அவர் வாய் பேசாமல் கையை நீட்டுவார். அவள் சாவியைக் கொடுப்பாள். முப்பது வருஷம் பால் லாரி ஓட்டிய மனுஷன். தன் டிராக்டருக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருக்கும் டின்னிலிருந்து, அந்த ஊரிலேயே விலை கூடின எண்ணெயை எடுத்து மகள் வண்டிக்கு ஊற்றுவார். நாற்பது வருஷமாக டிராக்டர் முனகாமல் ஓடுகிறதே, மகளுக்கு மட்டும் மட்டமானதை ஊற்றுவாரா? அம்மாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் ஓர்லாவைக் கட்டிக்கொள்ளவில்லை. கறுப்புக் கோட்டோடு குனிந்து நான்கு டயருக்கும் காற்று அடித்தார். அந்த வீட்டில் பாசம் என்றால் அதுதான்.

புது இன்ஜினுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் யூரோ ஆனது. எண்ணெய் சரியில்லை என்று கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான். அந்த வருஷ விடுமுறைப் பயணம் அதோடு போயிற்று. ஆனால் ஓர்லாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது பணம் இல்லை. சொல்லாவிட்டால் அப்பா புது இன்ஜினிலும் அதையே ஊற்றுவார். சொன்னால் அந்தக் கை இனி நீளாது.

இன்ஜின் தானாகவே போய்விட்டது என்றுதான் அப்பாவிடம் போனில் சொல்லி வைத்தாள். புது இன்ஜின் போட்டு வண்டி வந்ததும், அடுத்த ஞாயிறு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். சாப்பாடு முடிந்தது. கை நீண்டது.

"வேணாம்பா. வாரண்டி இருக்கு. ஒர்க்‌ஷாப்காரன தவிர வேற யாரும் தொடக் கூடாதாம்."

"அப்படியா. சரி, சரி."

மாலக்கி கையை மடக்கிக்கொண்டார். ஆனாலும் முற்றத்துக்குப் போனார். பூட்டியிருந்த வண்டியை ஒருதரம் சுற்றி வந்தார். அழுக்கே படாத கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். உள்ளே வந்து ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் பத்து வயது கூடின மாதிரி இருந்தது. முற்றத்தில் நடந்ததை ஓர்லா ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

அவள் போய் ரேடியோவை அணைத்தாள்.

"அப்பா, நான் பொய் சொன்னேன். அந்த இன்ஜின் போனதுக்கு நீங்க ஊத்தின எண்ணெயும் ஒரு காரணம். இந்த வண்டிக்கு அது ஆகாதாம். பெல்ட்ட கரைச்சிடுமாம்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"வண்டி எங்க நின்னுச்சு?"

"கால்வே ரோட்ல."

"பெரிய ரோட்லயா? புள்ளைங்க உள்ள இருந்தாங்களா?"

அவள் தலையாட்டினாள்.

"ஐயோ," என்றார் மாலக்கி. மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார். "என் கையாலயே... இனிமே உன் வண்டிப் பக்கம் வரமாட்டேன்மா. சத்தியமா வரமாட்டேன்."

"யாரு வரவேணாம்னா?" ஓர்லாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அம்மா செத்தப்ப ஒரு வார்த்தை பேசினீங்களா? டயருக்குக் காத்து அடிச்சீங்க. அந்தக் காத்துலதான் நான் வீடு போய்ச் சேந்தேன். நீங்க அதையும் நிறுத்திட்டா, எனக்கு அப்பா இருக்காருன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவர் மூக்கை உறிஞ்சினார். கண்ணைத் துடைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வண்டியோடு வந்த புத்தகத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"எறும்புக்கு அச்சடிச்சானா இத? எந்த எண்ணெய்னு கொட்டை எழுத்துல போட்டா இவன் குடியா முழுகிடும்?"

"படிங்க, படிங்க. ஆறு வருஷமா படிச்சிருக்க வேண்டியது."

"நீ மட்டும் படிச்சியாக்கும்!"

அவள் படிக்கவில்லை. இருவரும் சிரித்துவிட்டார்கள். எண்ணெயின் பெயரை அவர் உரக்க மூன்று தரம் படித்தார். காலண்டரில் ஒரு தரம், உள்ளங்கையில் ஒரு தரம் எழுதிக்கொண்டார். எந்தக் கடையில் கிடைக்கும் என்று அப்போதே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

ஓர்லா ஆத்லோன் வந்து சேர்ந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே அப்பாவுக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"வந்துட்டேன்பா."

"இன்ஜின் சத்தம் ஏதும் வருதா?"

"இல்லப்பா."

"சூடு ஏறலையே?"

"இல்ல."

இத்தனை வருஷமாக அவர் போனை வைக்கிற இடம் இதுதான். அன்றைக்கு வைக்கவில்லை. அவர் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ?" என்றார். "நீ எப்படிம்மா இருக்க?"