பனியில் பிறந்ததா, வந்து ஒட்டியதா

"நோட்டுல எழுதி வெச்சா ஆச்சா ராஜவேல்ஜி? வாயைத் திறந்து ஒரு வார்த்தை..." உஷாராணி நோட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதினதுக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்கு மேடம், நான் என்ன..."

"கையெழுத்து தினமும்தான் போடறேன். கூலண்ட் கையோட உள்ள தொட்டேன்னு நீங்க..."

"கையுறை போட்டிருந்தேன்."

"அந்தக் கையுறையிலதானே கூலண்ட் இருந்தது?"

ராஜவேல் திரையின் பக்கம் திரும்பினார். தொண்ணூற்றாறு கெல்வின். நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் ஏறிக்கொண்டிருந்தது. முடிவு தெரிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

தலைநகரில் லோதி ரோட்டை ஒட்டிய ஆய்வு நிறுவனம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது அந்தக் கூடம். ஒன்பது வருடங்களாக உஷாராணியும் ராஜவேலும் அங்கேதான். அவள் விஞ்ஞானி. அவர் அருப்புக்கோட்டைக்காரர், விமானப்படையில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு இந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர்.

இயந்திரம் என்பது கல்யாணச் சமையல் அண்டா அளவுக்கு ஒரு எஃகுக் கலம். உள்ளே காற்றை ஒட்ட உறிஞ்சிவிட்டு, நடுவில் இருக்கும் செப்புத் தகட்டைப் பத்து கெல்வினுக்கு, அதாவது பூஜ்யத்துக்கும் இருநூற்று அறுபத்து மூன்று டிகிரி கீழே, குளிர வைப்பார்கள். அதன்மேல் கார்பன் மோனாக்சைடைப் பாய்ச்சினால் பனியாகப் படியும். அந்தப் பனியில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். நட்சத்திரங்களுக்கு நடுவே இருண்டு கிடக்கும் மேகங்களில், தூசியின் மேல் நடப்பதும் இதுதான். வெளிச்சமில்லை, சூடில்லை. விழுந்த அணு நகர்ந்து நகர்ந்து இன்னொன்றைத் தொடுகிறது. லட்சக்கணக்கான வருடங்களில் சின்ன மூலக்கூறு பெரிதாகிறது. பூமிக்கு உயிரின் முதல் சரக்கு அங்கிருந்துகூட வந்திருக்கலாம் என்பார்கள். அத்தனை வருட வேலையை இவர்கள் ஆறு மணி நேரத்தில் செய்து பார்த்தார்கள்.

அப்படிச் செய்த பனியில்தான் உஷாராணி எத்திலீன் கிளைக்காலைக் கண்டாள். மற்ற நாட்டுக்காரர்கள் துளியளவு கண்ட இடத்தில் இவள் பத்து மடங்கு கண்டாள். கட்டுரையை ஒரு பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அதை நம்பித்தான் மூடவிருந்த இந்தக் கூடத்துக்கு மேலிடம் இன்னும் ஐந்து வருடம் கொடுத்திருந்தது.

இப்போது பத்திரிகை, சோதனை நடந்த நாட்களின் நாட்குறிப்பைக் கேட்டிருந்தது. ராஜவேல் அதைத் தமிழில்தான் எழுதுவார். உஷாராணி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் பிறந்து, இந்தியும் இங்கிலீஷும் படித்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்து எழுத்தாகக் கூட்ட வேண்டும். அதனால் தினமும் மாலையில் பக்கத்தின் அடியில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் துவாரகா மெட்ரோவைப் பிடிக்க ஓடிவிடுவாள். நேற்றுத்தான் முதல்முறையாக உட்கார்ந்து கூட்டிக் கூட்டிப் படித்தாள். ஜனவரிப் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அன்று இயந்திரத்தின் பம்புகளைக் குளிர்விக்கும் சில்லர் உறைந்துவிட்டது. ராஜவேல் டிரம்மிலிருந்து அதற்குப் புதிய கூலண்ட் ஊற்றினார். பிறகு கலத்தைத் திறந்து, செப்புத் தகட்டில் தளர்ந்திருந்த வெப்பமானியைத் திருகி இறுக்கினார். கார் ரேடியேட்டரில் ஊற்றுகிறார்களே, அதே கூலண்ட்தான். அதில் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால்.

அவள் கண்டுபிடித்தது வானத்துச் சரக்கா, டிரம்மிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. சாதாரணக் கார்பனைவிட ஒரு எண் கனமான கார்பன் உண்டு. இன்று காலை அதைக் கொண்டு பனி செய்திருந்தார்கள். தகட்டை மெல்லச் சூடேற்றினால் கிளைக்கால் ஆவியாகக் கிளம்பும், திரையில் அதன் எடைக்கு நேரே கோடு எழும். கிளைக்காலில் இரண்டு கார்பன். பனியில் பிறந்திருந்தால் அதன் எடை அறுபத்திநான்கில் காட்டும். டிரம்மிலிருந்து வந்திருந்தால் எப்போதும் போல அறுபத்திரண்டில்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களா மேடம்?" என்று ராஜவேல் கேட்டார்.

படிக்கவில்லை. கூலண்ட் என்ற சொல்லைக் கண்டதுமே அந்த இடத்தோடு நிறுத்திவிட்டாள். நோட்டை இழுத்து விரலை வைத்துக் கூட்டினாள்.

"பே...க். பேக் செய்ய...வில்லை. மேடம்..." விரல் நின்றது. "மேடம் அவ...சரம் என்றார்."

கலத்தைத் திறந்து மூடினால் சூடேற்றும் நாடாவைச் சுற்றி, மேலே அலுமினியத் தாள் போர்த்தி, மூன்று நாள் சுட வைக்க வேண்டும். அதைத்தான் பேக் என்பார்கள். ஒட்டியிருக்கும் அழுக்கெல்லாம் அப்போதுதான் கிளம்பிப் போகும். அந்த வாரம் மேலிடத்துக் கூட்டத்துக்கு முன்னால் ஏதாவது காட்டியாக வேண்டும் என்ற பதைப்பில் அவள், மூன்று நாள் எல்லாம் முடியாது, ஜல்தி ஓட்டுங்கள் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் தயங்கி நின்றதும் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு, நன்றாக ஓடுகிற இயந்திரத்தைக் கெடுப்பானேன் என்று கலத்தை யாரும் திறக்கவேயில்லை.

அவள் நோட்டை மூடவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்றி இருபது. நூற்றி ஐம்பது. நடுவில் துவாரகாவிலிருந்து கணவர் கூப்பிட்டார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நூற்றி எண்பத்தைந்தில் கோடு கிளம்பியது. தயக்கமே இல்லாமல், கோபுரம் மாதிரி நிமிர்ந்து நின்றது. அறுபத்திரண்டு.

"அச்சா," என்றாள் உஷாராணி, வெகு மெதுவாக.

ராஜவேல் அவள் பக்கம் திரும்பினார். கையுறை மாற்றாதது டெக்னிகல் ஸ்டாஃப் தப்பு என்று எழுதிவிடச் சொன்னார். தனக்கு இன்னும் இரண்டு வருடம்தான் சர்வீஸ், யாரும் தன்னை ஒன்றும் செய்துவிடப் போவதில்லை, ஆனால் அவள் பெயர் கெட்டால் கூடமே போய்விடும் என்றார். நிதானமாகத்தான் சொன்னார், ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்தவர் போல.

"மத்லப்... அதாவது, நான் சொல்லி நீங்க செஞ்சதுக்கு உங்க பேரா?"

"என் கைதானே மேடம் தொட்டது."

"பேக் வேண்டாம்னது என் வாய். விடுங்க."

அவள் மின்னஞ்சலை எழுதினாள். ஆறே வரி. கலம் மாசுபட்டிருந்தது, சுத்தம் செய்யும் கட்டம் என் உத்தரவால் தவிர்க்கப்பட்டது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்புவதற்கு முன் அவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டினாள். இரண்டாவது வரியில் அவர் கையை உயர்த்தித் தடுக்கப் பார்த்தார். அவள் நிற்காமல் கடைசி வரை வாசித்து, அனுப்பினாள். மேலிடத்துக்கும் ஒரு நகல் போனது.

கூடம் மார்ச் வரை இருக்கும். அதற்குமேல் இருக்காது. அது இருவருக்கும் தெரியும்.

ராஜவேல் எழுந்து பம்பின் பக்கம் போனார். அணைக்கலாமா என்று கேட்டார். அவள் திரையை ஒட்டிக் குனிந்திருந்தாள். அறுபத்திரண்டின் கோபுரத்துக்கு வலப்புறம், கோடு தரையோடு தரையாக நடுங்கிக்கொண்டு போகும் இடத்தில், அறுபத்திநான்கைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் தள்ளிப்போட்டு அவருக்கு இடம் விட்டாள்.

அவர் வந்து குனிந்தார். இந்த இயந்திரம் வெறுமனே நடுங்கும் நடுக்கம் எது, நிஜமாக ஏதோ இருப்பதால் எழும் மேடு எது என்று அவரைவிட அறிந்தவர் யாருமில்லை.

"என்னை நம்பாதீங்க, எனக்கு இருக்கணும்னுதான் தோணும். நீங்க பார்த்துச் சொல்லுங்க ராஜவேல்ஜி, அங்க ஏதாவது இருக்கா?"