நாலாவது கதவு

சித்தப்பா மறுபடி பூட்டுப் பொத்தானை அழுத்தினார். டக், டக், டக். காரின் பின்பக்க இடது கதவு மட்டும் வாய் திறக்கவில்லை.

கார் நின்ற கொட்டகைக்கு எதிரே அப்பாவின் அறை ஜன்னல். அம்மா அங்கிருந்து மூன்று விரலைக் காட்டினாள். பேச்சு நின்றுபோன அப்பா பூட்டுச் சத்தத்தை எண்ணி விரல் தூக்குவார். அம்மா அதை அப்படியே காட்டுவாள். இன்றையப் பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று காலையில் டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சித்தப்பாவோடு நின்ற மகளுக்கும் காருக்கும் ஒரே வயது, நாற்பது. பிற்பாடு பொருத்திய இந்தப் பொத்தானில் நாலு கதவும் சேர்ந்து பூட்டி எட்டு வருஷமாகிறது. கதவின் உள்பலகையைக் கழற்றினால் பூட்டு வேலை செய்யும். மாட்டிச் சாத்தினால் செத்துவிடும். பலகைதான் உள்ளே எதையோ அழுத்துகிறது என்று அப்பா அதைச் சீவிச் சீவிக் காகிதமாக்கியிருந்தார். மோட்டாரையும் இரண்டு தடவை மாற்றிப் பார்த்துவிட்டார்.

"உங்கப்பா மாதிரியே பிடிவாதம் பாப்பா இந்தக் கதவு," என்றார் சித்தப்பா.

பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள். சித்தப்பா அழுத்த, பூட்டு டக்கென்றது. தூறல் உள்ளே அடிக்க, கதவை இழுத்துச் சாத்தினாள். சித்தப்பா மறுபடி அழுத்தினார். சத்தமில்லை.

திறந்தாள்; டக். சாத்தினாள், இல்லை. பலகை மடியிலேயே கிடந்தது.

"பலகை இல்ல சித்தப்பா. கதவைச் சாத்தினா ஒயர் விட்டுப்போகுது."

"அடப்பாவமே, அண்ணன் சும்மா கிடந்த பலகையையா சீவிட்டிருந்தாரு?"

கீலருகே ரப்பர் உறையை உரித்து ஒவ்வொரு ஒயராக மடக்கிப் பார்த்தாள். பச்சை ஒயர் வெளியே முழுசாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் எலும்பில்லாததுபோலத் துவண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தது. கை பரபரக்க வெட்டி, புதுத்துண்டு வைத்து முறுக்கி, டேப் சுற்றினாள். சித்தப்பா சின்னப்பிள்ளையாக முன்சீட்டில் தாவி ஏறினார்.

எல்லாக் கதவையும் சாத்தினாள். "அமுக்குங்க."

டக், டக், டக், டக்.

ஜன்னலைப் பார்த்தாள். அம்மா உடனே கையைத் தூக்கவில்லை. பிறகு நாலு விரல் தெரிந்தது.

கிரீஸ் கையோடு அறைக்குள் ஓடினாள். அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. நெஞ்சு அசையவில்லை. கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வை ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. இரண்டு கைகளும் அதற்குள் இருந்தன.

"கேட்டுட்டாரு," என்றாள் அம்மா, ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே.

"சரிம்மா."

வெளியே, விஷயம் தெரியாத சித்தப்பா ஆசை தீராமல் இன்னொரு தடவை அழுத்தினார். டக், டக், டக், டக்.

அம்மா நாலு விரலைத் தூக்கிக் காட்டினாள்.