விளக்கை ஏத்துனது யாரு

பாடையோட கால்மாட்டு மூங்கிலைப் புடிச்சிருந்த சிவகாமியோட விரலை, பெரியப்பா ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்தார்.

"விடு தாயி. பொம்பளைங்க முச்சந்தியோட நின்னுக்கணும். அதான் முறை."

"நானும் வர்றேன் பெரியப்பா."

"எங்க வர்ற?"

"அப்பா போற எடத்துக்கு."

கணேசமூர்த்தி பெரியப்பா, பத்து பெரெண்டாம்ங்கிற ஊருக்குப் பக்கத்துல ரப்பர்த் தோட்டத்துக் கங்காணி. நாப்பது ஆளை ஒரு கனைப்புல நிறுத்தி வைக்கிற மனுஷன். இப்பவும் கனைச்சார். சிவகாமி நகரல. அவருக்கு அது புதுசு.

"கொள்ளிச்சட்டி எம்மகன் கையில இருக்கு. ஆம்பளப் புள்ள இல்லாத கொறைய நாங்க தீத்து வச்சிட்டோம். நீ போய் உங்காத்தாளுக்குத் துணையா இரு."

சங்கு ஊதுனாங்க. ஆம்பளைங்க எல்லாரும் காஜா பெராங் ரோட்டுல திரும்பி, அப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. மணி ஒண்ணரை. தார் ரோடு கொதிச்சுது. சிவகாமி செருப்பில்லாம நின்னா.

அப்பா விடியக்காலம் போயிருந்தார். நெஞ்சு வலின்னு எழுந்து உக்காந்தவர், சுவத்துல சாஞ்சபடியே போயிட்டார். இருதயம்னு டாக்டர் சொன்னார். சிவகாமிக்கு வேற காரணம் தெரியும். அதை அவ யார்கிட்டயும் சொல்லல. சொன்னா அது உண்மையாயிடும்னு பயம்.

அப்பா பேரு மாணிக்கவாசகம். டவுன்ல சினிமாக் கொட்டகையில டிக்கெட்டு கிழிக்கிறது அவர் வேலை. ஆனா மலாக்கா பூரா அவரை 'படம் சொல்ற மாணிக்கம்'னுதான் தெரியும். சனி, ஞாயிறு மத்தியான ஆட்டத்துக்கு இங்கிலீஷ் படம் போடுவாங்க. முன்வரிசைப் பெஞ்சுல தோட்டத்து ஆளுங்க, டவுன்ல ரோடு கூட்டுற ஆளுங்க, சலவைக்காரங்க வந்து உக்காருவாங்க. அப்பா திரைக்குப் பக்கத்துல நின்னு படத்தை அவங்களுக்குத் தமிழ்ல சொல்லுவார். "சிரிக்கிறான் பாரு, நம்பாத." "இவ போறேங்கிறா, போகமாட்டா." அவர் படிச்சது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல மூணாவது. படம் வந்த மொத நாள் ரெண்டு ஆட்டத்தை வாயத் தொறக்காம பாப்பார். மூணாவது ஆட்டத்துல இருந்து சொல்ல ஆரம்பிப்பார். ராத்திரி வீட்டுக்கு வந்து அதே கதையை மலாய்ல அம்மாவுக்கு தெனமும் கொஞ்சம் கொஞ்சமா சொல்லுவார். அம்மா தெய்வானை, பல தலைமுறையா மலாக்காவுலயே வேர் விட்ட தமிழங்க இருக்கிற இந்தக் கம்போங் செட்டியிலயே பொறந்து வளந்தவங்க. சாமிக்குத் தேவாரம் பாடுவாங்க, ஆனா பேச்செல்லாம் மலாய்தான்.

ரெண்டு வாரமா ஓடிட்டிருந்த படத்துக்கு ஜனங்க வச்ச பேரு நட்சத்திரக்காரன் படம். ஒரு நட்சத்திரத்துல இருந்து ஒருத்தன் கடற்கரையில வந்து எறங்குறான். அவன் ஊர்ல சாவே கிடையாது. அந்தக் கரையில ஒரு கலங்கரை விளக்கு. விளக்கு ஏத்துற கெழவரும் அவர் மகளும் அவனை ஒளிச்சு வச்சு சோறு போடுறாங்க. கெழவர் செத்துப் போறார். கடைசியில அவன் கப்பல் கெளம்பிப் போகுது. அவ்வளவுதான். சண்டை கிடையாது. துப்பாக்கி கிடையாது.

போன சனிக்கிழமை சிவகாமி அதைப் பாத்தா. அவ கான்வென்டுல பத்தாவது. படத்துல அவன் கப்பல் வாசல்ல நின்னு, நான் போறேன், இனி வரமாட்டேன்னு தெளிவா இங்கிலீஷ்ல சொல்றான். அப்பாவோ பெஞ்சு முச்சூடும் கேக்குற மாதிரி, "அவன் போகல. கப்பல் மட்டும்தான் போகுது. அவன் நம்மகூடவே தங்கிட்டான்"னார். மேல் வரிசையில உக்காந்திருந்த கிளார்க்குங்க சிரிச்சாங்க. சிவகாமிக்குக் காது மடல் வரைக்கும் எரிஞ்சுது.

வீட்டுக்கு நடந்து வர்றப்ப கேட்டுட்டா. "உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதில்லப்பா. அப்புறம் ஏன் சொல்றீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க. என் ஸ்கூல் புள்ளைங்ககூட அங்க வருது."

அப்பா நடையைத் தளத்துனார். அப்புறம், "காதால பாத்தா அப்படித்தாம்மா இருக்கும். அடுத்த வாரம் வந்து கண்ணால பாரு"ன்னார்.

நேத்து சனிக்கிழமை. அவ போகல. வேணும்னுதான் போகல.

நாளைக்கு காலையில படப்பெட்டி மூவார் ஊர்க் கொட்டகைக்குப் போயிடும். இன்னைக்கு மூணு மணி ஆட்டம்தான் கடைசி. அப்பா பொய் சொன்னாரா, இல்ல இவ கண்ணுதான் அவிஞ்சு கிடந்துச்சான்னு தெரிஞ்சுக்க இனிமே வேற வழியே இல்ல.

வீட்டுல பொம்பளைங்க தரையைக் கழுவிட்டிருந்தாங்க. அம்மா சாரோங்கோட பின்வாசப்படியில உக்காந்திருந்தாங்க. கண்ணு காஞ்சு கிடந்துச்சு. பூங்காவனம் பெரியம்மாதான் வாளியும் கையுமா எல்லாரையும் விரட்டிட்டிருந்தாங்க.

சிவகாமி செருப்பை மாட்டுனா.

"எங்கடி கெளம்பிட்ட?"

"படத்துக்கு."

பெரியம்மா வாளியைக் கீழ வச்சாங்க. "என்னடி சொன்ன?"

"படத்துக்குப் போறேன் பெரியம்மா. மூணு மணி ஆட்டம்."

"அடிப்பாவி. அப்பன் இன்னும் வெந்து முடியல. தலைக்குத் தண்ணி ஊத்தல. தீட்டோட சினிமாவுக்குப் போறாளாம். ஊரு என்ன பேசும்?"

"சுடுகாட்டுக்கு வர்றேன்னேன், விடல. அப்பா நிக்கிற எடம் எனக்கு இன்னொண்ணு தெரியும். அங்க போக யாரு முறையும் எனக்குத் தேவையில்ல."

பெரியம்மா கையப் புடிக்க வந்தாங்க. அம்மா படியில இருந்து திரும்பாமலே, "பியார்"னாங்க. விட்டுருன்னு அர்த்தம். பெரியம்மாவுக்கு மலாய் தெரியும். கையை எடுத்துட்டாங்க.

ரோட்டுல நடக்குறப்ப அவ தலையைத் தூக்கல. தெரிஞ்ச மொகம் எதுவும் வந்துடக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டா. ஆனா யார்கிட்ட வேண்டுறது? ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுல பிள்ளையார் கோயில் வாசலைத் தாண்டித்தான் போகணும். சாவுத்தீட்டோட அந்தப் பக்கமே திரும்பக்கூடாது. எதிர்ப்பக்கம் ஒட்டி நடந்தவ, பாதியில நின்னு கோயிலை நேராப் பாத்தா. பாத்துட்டுதான் போனா. கடைத்தெரு பூரா தோரணம் கட்டிட்டிருந்தாங்க. ஆகஸ்ட் கடைசியில மலாயாவுக்கு சுதந்திரம் வருதாம். ஏணியில நின்னு பாடிட்டிருந்த ஒருத்தன் இவ மொகத்தைப் பாத்துட்டு பாட்டை நிறுத்திட்டான்.

கொட்டகை வாசல்ல சுப்பையன் நின்னார். அப்பாவோட சேந்து இருபது வருஷம் டிக்கெட்டு கிழிச்சவர். காலையில வந்து மாலை போட்டுட்டு வேலைக்கு வந்திருக்கார். லீவு தரல. 

"உள்ள போகணும் மாமா."

"இன்னைக்கு சொல்றதுக்கு ஆள் இல்லம்மா. மேனேஜர் போர்டுல எழுதிட்டார்." கொஞ்ச நேரம் டிக்கெட்டுக் கட்டை மாத்தி மாத்திப் புடிச்சார். "நேத்தே முழுசா இல்லதான். உங்கப்பா நேத்து படம் பூரா சொன்னாரு. கடைசியில, அந்தக் கப்பல் கெளம்புதுல்ல, அங்க வாய மூடிக்கிட்டாரு. ஜனங்க கத்துனாங்க. ஒண்ணும் சொல்லல. ஏன் மாணிக்கம்னு கேட்டேன். 'தப்பாச் சொல்லிட்டேனோ என்னவோ சுப்பையா. எம்பொண்ணு படிச்சவ'ன்னாரு."

சிவகாமி கதவுச் சட்டத்தைப் புடிச்சிக்கிட்டா. சுப்பையன் சட்டுனு அந்தப் பக்கம் திரும்பி, வராத ஆள்கிட்ட டிக்கெட்டு கேட்டார்.

முன்பெஞ்சுல எடம் கிடைச்சுது. படம் ஓட ஆரம்பிச்சதும் பெஞ்சுல மொணமொணப்பு. "மாணிக்கண்ணன் எங்க?" "காலையில போயிட்டாராம்ல." "அய்யோ, யாரு சொன்னா?"  திரையில என்னென்னமோ பேசுறாங்க, பெஞ்சு முழுக்க ஊமையாப் பாத்துட்டிருந்துச்சு.

கெழவர் செத்துப் போற எடம் வந்துச்சு. கட்டில்ல அவர் கிடக்கார். நட்சத்திரக்காரன் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கான். பொழுது போகுது, விடியுது, அவன் அப்படியே இருக்கான். அப்புறம் மகளைத் திரும்பிப் பாத்து ஏதோ கேக்குறான்.

"எப்ப எழுந்திரிப்பாருன்னு கேக்குறான்."

சொன்னது தன் வாய்தான்னு சிவகாமிக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆச்சு.

"சத்தமா சொல்லு பாப்பா, பின்னாடி கேக்கல." ஒரு பொம்பளை.

"அது மாணிக்கண்ணன் மகடா. கான்வென்டு."

அவ எழுந்து அப்பா நிக்கிற எடத்துக்குப் போனா. திரைக்கு எடது பக்கம், சுவத்தோரம். அங்க அவ இதுக்கு முன்னாடி நின்னதே இல்ல. நின்னதும் திகைச்சுப் போனா. ஸ்பீக்கர் காதுக்கு ஒரு முழத்துல அலறுது. இங்கிலீஷ் இல்ல, எந்தப் பாஷையும் இல்ல, வெறும் இரைச்சல். ஒரு வார்த்தைகூடப் பிரிச்சு எடுக்க முடியல. படம் கோணலா, மொகமெல்லாம் நீண்டு, மேல இருந்து கவுந்து வருது. இங்க நின்னா கண்ணு ஒண்ணுதான் ஆகும். இருபது வருஷம் மனுஷன் இப்படித்தான் நின்னிருக்கார்.

"அவளுக்குக் கோவம்"னா. "நீ அழவே இல்லையேன்னு கேக்குறா. அவனுக்கு அழத் தெரியாது. அவன் ஊர்ல யாரும் செத்ததில்ல, யாரும் சொல்லித் தரல."  கையால திரையைக் காட்டுனா. "கெழவரோட சட்டையை மடிச்சு வைக்கிறான் பாருங்க. நாலு தரம் பிரிச்சு நாலு தரம் மடிக்கிறான்."

முன்பெஞ்சு அமைதியாச்சு. அப்பா சொல்றப்ப வர்ற அதே அமைதி.

கடைசி வந்துச்சு. கடற்கரை. கப்பல் வாசல்ல அவன். மகள் மணல்ல நிக்கிறா. அவன் வாய் அசையுது. என்ன சொல்றான்னு சிவகாமிக்கு ஞாபகம் இருக்கு. கதவு மூடுது. வெளிச்சம் கண்ணைக் குருடாக்குது. கப்பல் மேல மேல போகுது. ஜன்னல்ல ஆள் இருக்கானா? தெரியல. வெறும் வெளிச்சம். அவ பயத்தோட தேடுனா. மகள் அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்கிறா. இருட்டுது. அவளுக்குப் பின்னால ரொம்ப தூரத்துல, திரையோட ஓரத்துல, கலங்கரை விளக்கு எரியுது.

"அவன் போகல"னா சிவகாமி.

மேல் வரிசையில இருந்து ஒரு ஆம்பளைக் குரல். "பொண்ணு, அவன் போறேன்னுதான் சொல்றான். இங்கிலீஷ் கேக்கலையா?"

"போன வாரமே கேட்டேன். வாய் அப்படித்தான் சொல்லுது. விளக்கைப் பாருங்க. கெழவர் செத்துட்டார். மக மணல்ல நிக்கிறா. விளக்கை ஏத்துனது யாரு?"

பெஞ்சு முச்சூடும் திரையோட ஓரத்துக்குத் திரும்புச்சு.

"அது முன்னாடியே எரிஞ்சிட்டிருந்திருக்கும்." மேல இருந்து அதே ஆள்.

"எங்க எரிஞ்சுது? கெழவன் செத்த அன்னைக்கே அணைஞ்சுதே." டவுன் கூட்டுற ஆள் ஒருத்தர் எழுந்தே நின்னுட்டார். "நான் மூணு தரம் பாத்தவன்யா."

"துரைகூட போறேன், போறேன்னுதான் சொல்றான். பங்களாவைக் காலி பண்ணிட்டானா?" பின்பெஞ்சுல ஒருத்தன். சிரிப்பு கொட்டகையைத் தூக்குச்சு. மேல் வரிசையிலயும் சிரிச்சாங்க.

"ஏன் பாப்பா தங்குனான்?" மொதல்ல சத்தமா சொல்லச் சொன்ன பொம்பளைதான் கேட்டது. மடியில கொழந்தை தூங்குது. "அவன் ஊர்ல சாவு இல்லையே. இங்க இருந்தா செத்துப் போவானே."

அப்பா இதுக்கு என்ன சொல்லியிருப்பார்னு அவளுக்குத் தெரியாது. யோசிச்சா.

"தெரிஞ்சேதான் தங்குனான்க்கா"ன்னா.

கொட்டகையில விளக்கு போட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்ப மணி ஆறு. ஆம்பளைங்க திரும்பி வந்து கெணத்தடியில குளிச்சு முடிச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டு மீனாச்சி சோறு கொண்டாந்து மூடி வச்சிருந்தாங்க. பெரியம்மா வாசல்லயே புடிச்சுட்டாங்க.

"வந்துட்டா மகராசி. கேளுங்க உங்க தம்பி மகளை. எங்க போயிட்டு வர்றான்னு கேளுங்க."

பெரியப்பா ஈர வேட்டியோட முன்னால வந்தார். கண்ணு சிவந்திருந்துச்சு, புகையாலயோ என்னவோ. "நெசமாவா?"

"ஆமா பெரியப்பா."

"வெக்கமா இல்ல?"

"இல்ல."

அவர் கையை ஓங்குனார். சிவகாமி கண்ணை மூடல. மொகத்தை நிமித்தி நின்னா.  ஓங்குன கை அப்படியே நின்னுச்சு.

உள்ள இருந்து அம்மா கூப்பிட்டாங்க. காலையில இருந்து அவங்க பேசுன ரெண்டாவது பேச்சு அது. மலாய்ல, சாதாரணமா, தெனமும் ராத்திரி அப்பாகிட்ட கேக்குற மாதிரியே கேட்டாங்க. நேத்து அவரு பாதியில நிறுத்திட்டாரு, தூக்கம் வருதுன்னுட்டாரு. கப்பல் வந்துச்சே, அப்புறம் என்ன ஆச்சு?

சிவகாமி பெரியப்பாவைச் சுத்திக்கிட்டு உள்ள போனா. கழுவுன தரை இன்னும் ஈரமா இருந்துச்சு. அம்மா பாயில கொஞ்சம் நகந்து எடம் விட்டாங்க. அவ உக்காந்து, கடற்கரையில இருந்து ஆரம்பிச்சா. மலாய்ல சில வார்த்தைக்குத் தடுமாறுனா. அம்மா எடுத்துக் குடுத்தாங்க.

"ஏங்க, ஏதாச்சும் சொல்லுங்களேன்"னு பெரியம்மா வாசல்ல கிசுகிசுத்தாங்க.

பெரியப்பா கையமத்துனார். வாசல்ல முதுகைக் காட்டிக்கிட்டு, தோள்ல கிடந்த துண்டை எடுத்துப் பிழிய ஆரம்பிச்சார். உள்ள கதை கப்பல் கதவு வரைக்கும் வந்துடுச்சு. துண்டுல ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல. அவர் பிழிஞ்சுக்கிட்டே நின்னார்.