காங் பேட்டரி

லேப்டாப் மூடியை ஒரே விரலால் திறக்க முடிந்தால் ரெங்கானிஸுக்கு அந்த நாள் நன்றாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூடியைத் தூக்கும்போது அடிப்பாகமும் கூடவே எழுந்தால் கீலைச் செய்தவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள். இன்று காலை கூரியரில் வந்ததன் அடிப்பாகம் எழவில்லை. மூடி மட்டும் மேலே வந்து, விரலை எடுத்த இடத்தில் அப்படியே நின்றது. மூன்று முறை திறந்து மூடிக் குறித்துக்கொண்டாள். நான்காவது முறை குறிப்புக்காக இல்லை, ஆசைக்காக.

ஃபேனே கிடையாது. காதை கீபோர்டின் மேல் வைத்துக் கேட்டாள். தெருவில் போன மோட்டார் சைக்கிள்தான் கேட்டது. எழுத்து விசைகள் ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கின. கடைசியில் ஒரு சின்ன மெத்தென்ற தடுப்பு. இரண்டாவது திரையைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகினால், அதிலிருந்த ஜன்னல்கள் எல்லாம் தானாகப் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தன. புது மென்பொருளின் வேலை. எத்தனை வருடமாக இதற்குக் காத்திருந்தாள்! பதினொரு முறை பிடுங்கிப் பிடுங்கிச் செருகினாள். ஒரு ஜன்னல்கூட வழிதவறவில்லை. யாரையாவது கூப்பிட்டு இதைக் காட்ட வேண்டும்போல் இருந்தது. நோட்டில் எழுதினாள்.

இந்தோனேசியாவின் பண்டுங் நகரில், பெண்கள் மட்டும் தங்கும் விடுதியின் மூன்றாம் மாடியில் அவள் அறை. எட்டு வருடமாக அங்கிருந்துதான் ஓர் இணையதளத்தில் லேப்டாப்களைப் பற்றி எழுதுகிறாள். வீடியோவும் போடுவாள், ஆனால் அதில் அவள் கைகள் மட்டும்தான் தெரியும். வாசகர்கள் அவளைத் தேதே, அதாவது அக்கா, என்பார்கள். அவள் முகம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த முகம் வேறொன்று.

அந்த முகம்தான் இப்போது வரப்போகிறது. எல்லாச் சோதனையும் முடிந்தபின் கடைசியில் பேட்டரி. திரையின் வெளிச்சத்தைக் கருவி வைத்து அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். ஒலி சரிபாதி. வைஃபை உண்டு. முழு சார்ஜ். பிறகு அந்த ஒரு மணி நேர வீடியோவை, பேட்டரி தீரும்வரை திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள்.

ரயில் பெட்டி. ஜன்னலோரத்தில் விர்யா. அவனுக்குப் பின்னால் கொஞ்சமாய் மலைச்சரிவு ஓடுகிறது. ஜகார்த்தாவில் ஒரு புது லேப்டாப்பின் அறிமுக விழாவுக்கு, இந்தத் தளத்தை இருவருமாக நடத்திய காலத்தில், முதல்முதலாக அழைப்பு வந்து போன பயணம். ஆறு வருடம் ஆகிறது.

"எட்டு மணி நேரம் நிக்குமாம்," என்கிறான் விர்யா கேமராவைப் பார்த்து. "எட்டு! சார்ஜர்ல செருகி வச்சுக்கிட்டே அளந்திருப்பாங்க."

ஒரு மணி நேரமும் பேசுகிறான். கீபோர்டு எப்படி இருக்கும், எடை எவ்வளவு இருக்கும், கம்பெனிக்காரர்கள் எதையெல்லாம் மறைப்பார்கள். அந்த லேப்டாப் இன்று யாரிடமும் இல்லை. ரெங்கானிஸின் குரல் வீடியோவில் ஒரு இடத்திலும் கிடையாது. நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் அவன் பொரித்த டோஃபு ஒன்றை நீட்டுகிறான். வேண்டாம் என்பதுபோல் படம் இடமும் வலமுமாக இரண்டு முறை அசைகிறது. அவன் அதைத் தானே வாயில் போட்டுக்கொள்கிறான்.

அடுத்த வருடம் விர்யாவுக்கு ஜகார்த்தாவில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் வேலை கிடைத்தது. போனான். வீடியோ போகவில்லை. இதில் ஓடிய லேப்டாப்களின் நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் எல்லாமே இதே வீடியோவில்தான் ஓடியாக வேண்டும். அளவுகோலை நடுவில் மாற்றக் கூடாது. அவளுடைய கைகள் எதையாவது பிரித்துக்கொண்டிருக்கும்போது மேஜையின் மூலையில் அவன் பேசிக்கொண்டிருப்பான். வாசகர்கள் அவனுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: காங் பேட்டரி, அதாவது பேட்டரி அண்ணன். புது லேப்டாப் வந்தால் விலையைக் கேட்கும் முன்னால் 'காங் எத்தனை மணி நேரம் பேசினார்?' என்பார்கள். முதலில் ஆறரை மணி நேரம் பேசினான். பிறகு ஒன்பது, பதினான்கு. பேட்டரிகள் தேறத் தேற அவன் பேச்சும் நீண்டது.

விடுதியில் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆரம்பத்தில் ஒருநாள், பெண்கள் எல்லோரும் இபு என்று கூப்பிடும் விடுதிக்கார அம்மாள் எந்தின், இவள் கதவைத் தட்டி, உள்ளே வந்து, கட்டிலுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள். இப்போது பழகிவிட்டது. இன்று மதியமும் சலவைத் துணியோடு வாசலில் நின்று, திரையை எட்டிப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து பேசுறான் போல."

"இன்னிக்கு ரொம்ப நேரம் போகும் இபு. நல்ல பேட்டரி."

"பேட்டரிய விடு, கண்ணு. வருஷக்கணக்கா இந்த ஆளு இப்படிக் கத்துறானே, நீ ஒரு பதில் சொன்னியா? ஊமைப் பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்டான் பாவம்."

ரெங்கானிஸ் சிரித்துவைத்தாள். எந்தின் துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனாள்.

இருபத்தொரு மணி நேரம், பன்னிரண்டு நிமிடம். மறுநாள் காலையில் லேப்டாப் எழுதிவைத்திருந்த பதிவைப் படித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தத் தளத்தில் இதுவரை எதுவும் இருபதைத் தொட்டதில்லை. எட்டு மணி நேரத்தை நம்பாத ஒருவன் இருபத்தொரு முறை அதை நம்பாமல் இருந்திருக்கிறான். இதை நினைத்து அவள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. விர்யா.

இரண்டு வருடமாகப் பேசவில்லை. சாப்பிட்டாயா என்றான், மழை உண்டா என்றான். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கல்யாணம் என்றான். பெண் பெயர் தியார். அதே வங்கியில்தான் வேலை. நிச்சயத்துக்கு வந்த அவளுடைய தம்பி முறைக்காரர்கள் இவனைப் பார்த்ததுமே காங் பேட்டரி, காங் பேட்டரி என்று கூச்சலிட்டு, போனில் வீடியோவையும் போட்டுக் காட்டிவிட்டார்களாம்.

"மொதல்ல அவளும் சிரிச்சா," என்றான் விர்யா. "அப்புறம் ஒண்ணு கேட்டா. இதுல நீங்க யாரைப் பார்த்து இப்படிப் பேசுறீங்கன்னு."

ரெங்கானிஸ் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஸ்டாண்டு வச்சு எடுத்ததுன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காத, கானிஸ். ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு அவ மனசுல ஒண்ணு உக்காரணும்?"

"சரி, காங்."

"வேற வீடியோ போட்டுக்க முடியாதா? ஒரு டெஸ்ட்டுதானே."

"நூத்தி அறுபத்திமூணு லேப்டாப் இதுலதான் ஓடியிருக்கு."

"நீ மாறவே இல்ல போ," என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு வீடியோவில் பத்தொன்பதாவது நிமிடத்தில் வருவதுதான். அவளுக்கு அதன் நீளம்கூடத் தெரியும்.

"மூணு வாரம் வேணும்," என்றாள்.

போனை வைத்தபின், தொலைபேசியின் கறுத்த திரையைச் சட்டைநுனியால் துடைத்தாள். தன் முகத்தை ஆறு வருடமாக லட்சம் பேர் பார்க்கிறார்கள் என்றால் யாருக்கும் சங்கடம்தான். அவன் கேட்டதில் தவறில்லை. அவன் போகலாம். ஸ்டாண்டு என்ற சொல்தான் போகாமல் நின்றது. அந்த ரயிலில் இரண்டு பேர் இருந்தார்கள். இப்போது ஒருவர்தான் இருந்தார் என்றாகிவிட்டது.

அளவுகோலை மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பழைய வீடியோவையும் புதியதையும் ஒரே லேப்டாப்பில், ஒரே நிலையில் ஓட்ட வேண்டும். ஒன்றில் போதாது, ஐந்திலாவது ஓட்ட வேண்டும். இரண்டு நேரங்களுக்கும் உள்ள விகிதம் கிடைத்தால் பழைய எண்களையெல்லாம் அதால் பெருக்கிக்கொள்ளலாம். ஒன்றும் வீணாகாது.

புது வீடியோவுக்கு டாகோ நாற்சந்திக்குப் போனாள். நடைபாதையில் ஸ்டாண்டைப் பொருத்தி, கேமராவை மாட்டி, ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றாள். பச்சை வேன்கள், மோட்டார் சைக்கிள்கள், மீன் உருண்டை வண்டி. ஒருவரும் அவளிடம் என்ன எடுக்கிறாய் என்று கேட்கவில்லை.

அடுத்த மூன்று வாரம், புது லேப்டாப்பிலும் அலமாரியில் இருந்த நான்கு பழையவற்றிலும் மாற்றி மாற்றி ஓட்டினாள். ஒருநாள் விர்யா, ஒருநாள் நாற்சந்தி.

"இப்ப ரோட்டையே ரூமுக்குள்ள கொண்டாந்துட்டியா?" என்றாள் எந்தின். "அந்த ஆளே தேவலாம்."

புது லேப்டாப்பில் நாற்சந்தி இருபத்துமூன்று மணி நாற்பத்தைந்து நிமிடம் ஓடியது. மற்ற நான்கிலும் அதே போக்கு. விகிதம் ஒன்று புள்ளி ஒன்று இரண்டு. ஐந்திலும் கிட்டத்தட்ட அதே எண் வந்தபோது அவளுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அவ்வளவு சுத்தமாக அமைவது அபூர்வம்.

தளத்தில் அறிவிப்புப் போட்டாள். காங் பேட்டரி ஓய்வு பெறுகிறார், காரணம் ஒன்றும் எழுதவில்லை. கேலியும் வருத்தமுமாகக் கருத்துகள் கொட்டின. ஓய்வூதியம் உண்டா, பிரிவு உபசார விருந்து எங்கே, என் லேப்டாப்பில் ஐந்து மணி நேரத்தில் வாயை மூடிவிட்டார், நல்ல மனிதர். அவள் ஒவ்வொன்றையும் படித்தாள். அவற்றுக்குக் கீழே, ஒபெங் என்ற பெயரில் எழுதும் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒபெங் என்றால் ஸ்க்ரூ டிரைவர். எந்தக் கட்டுரை வந்தாலும் ஒரு திருகையாவது கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

"தேதே, ஒரு சந்தேகம். பழைய வீடியோல பெரும்பாலும் ஒரு ஆளு உக்காந்து பேசுறாரு, ஓரத்துல கொஞ்சம்தான் வெளிய ஓடுது. புதுசுல ரோடு முழுக்க வண்டி. பழசுதானே லேசா இருக்கணும்? ஆனா அதுதான் பேட்டரிய அதிகமாத் தின்னுது. தலைகீழா இருக்கே. காரணம் தெரியாம அந்த 1.12-ஐ எப்படி நம்புறது?"

சரியான கேள்வி. வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. பதிலும் அவளுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். அசையாத கேமராவில் நகர்வது மட்டும்தான் மாறுகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன. கையில் பிடித்த கேமராவில் சுவர், சீட்டு, சட்டைப் பொத்தான் என்று எல்லாமே ஒவ்வொரு நொடியும் துளித்துளியாக நகர்கிறது. லேப்டாப் அத்தனையையும் புதிதாக வரைய வேண்டும். அந்தப் பன்னிரண்டு சதவீதம் அவளுடைய கை.

அறிவிப்பின் கீழே சோதனை விவரங்களின் அட்டவணை இருந்தது. வெளிச்சம், ஒலி, அறையின் வெப்பம், படத்தின் அளவு, நொடிக்கு எத்தனை படம். பதினேழு வரிகள். தியார் அந்தத் தளத்தைப் பார்ப்பாளா? அவளுடைய தம்பிகள் பார்ப்பார்கள். ரெங்கானிஸ் வேறு காரணம் ஏதாவது எழுதலாமா என்று யோசித்தாள். சுருக்கும் முறை பழையது என்றால் பாதிப் பேர் நம்புவார்கள். ஒபெங் நம்பமாட்டார். எழுதாமலே விட்டால், ஐந்து லேப்டாப்பிலும் அவ்வளவு அழகாக அமைந்த எண் காரணமில்லாமல் நிற்கும்.

எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். உட்கார்ந்து பதினெட்டாவது வரியைச் சேர்த்தாள்.

பழைய வீடியோ: கையில் பிடித்து எடுத்தது. புதியது: ஸ்டாண்டு.

யார் கை என்று அட்டவணையில் கேட்பதில்லை. அவளும் சொல்லவில்லை. சேமித்தாள்.

மறுநாள் மாலை விர்யாவிடமிருந்து செய்தி வந்தது.

"அந்த வரி வேணுமா, கானிஸ்?"

தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள். "வேணும் காங். இல்லன்னா நம்பர் நிக்காது."

அவன் படித்துவிட்டான் என்பது இரண்டு நீல டிக்குகளில் தெரிந்தது. பதில் வரவில்லை. அரை மணி நேரம் போனைத் திருப்பி வைத்திருந்தாள். பிறகு நிமிர்த்தினாள். வரவில்லை. இனி வராது என்று தோன்றியது. சோதனைக் கோப்புகளுக்குள்ளிருந்து ரயில் வீடியோவை எடுத்து, ஓடி முடிந்த நூற்று அறுபத்துமூன்று பதிவுகளும் இருந்த இடத்தில் வைத்தாள். அழிக்கவில்லை. யாராவது சரிபார்க்கக் கேட்டால் கொடுக்க வேண்டும்.

தளத்தில் ஒரு புதுக் கருத்து இருந்தது. ஒபெங்.

"இப்பப் புரிஞ்சுது, நன்றி தேதே. ஒரு மணி நேரமும் கையிலயேவா? எடுத்தவங்களுக்குக் கை வலிச்சிருக்குமே."

அதை அவள் இரண்டு முறை படித்தாள். ஆறு வருடத்தில் யாரும் கேட்டிராதது. பதில் பெட்டியில் சுட்டியை வைத்து, கொஞ்ச நேரம் அது விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்தாள்.

"வலிச்சுது," என்று எழுதி அனுப்பினாள்.