ரதோய்காவின் மோடத்தில் நீல விளக்கு

1

கோட்டுக்கு அப்புறம் என்ன செதுக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். எந்த வருஷம் என்பதுதான் தெரியாது. கல்லுக்கு அவசரமில்லை, அது காத்திருக்கும். அவசரமெல்லாம் ஸ்தமென்காவுக்குத்தான்.

இப்படி ரதோய்கா நினைத்தாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. அதனால் என்னைத் தவிர இதற்குச் சாட்சி கிடையாது, நானும் அப்போது அந்த அறையில் இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இந்தக் கதைக்கு இது நான்காவது தொடக்கம். மற்ற மூன்றையும் தூக்கிப்போட மனம் வரவில்லை:

மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. (கையேடு மாதிரி இருக்கிறது.)

கணவன் இறந்தபின் முதல்முறையாக அவனுடைய கம்ப்யூட்டரின் எதிரே உட்கார்ந்த ரதோய்கா, அவன் விரல் தேய்த்து அழித்த எழுத்துகளை— (இந்த வாக்கியம் அழப் போகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன்.)

நிஷ் நகரத்து வாடிக்கையாளர் சேவை மையத்தில் வுகாஷின் என்பவன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். (இதில் ஒரு பொய் இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.)

கதை பிறந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், ஒரு ஜூன் மாதப் பகலில், நெகோதின் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் இணையம் வரவில்லை என்று கூப்பிட்டாள். ஐம்பத்து மூன்று நிமிட அழைப்பு. ஐம்பது நிமிடம் மோடத்தைப் பற்றி. மிச்சம் மூன்று நிமிடத்தைத்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

ரதோய்காவுக்கு அறுபத்திரண்டு வயது. தபால் நிலையத்தில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவள். கணவன் மியோத்ராக் இறந்து, வருகிற சனிக்கிழமையோடு ஒரு வருஷம். அன்று ஊரே கல்லறைக்கு வரும், மெழுகுவத்தி ஏற்றும், வேகவைத்த கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொள்ளும். அதற்குள் கல் நின்றாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே கல். ஒருவர் போனதும் இருவர் முகத்தையும் கறுப்புக் கல்லில் செதுக்கிவிடுவார்கள். போனவருக்குப் பிறந்த வருஷம், இறந்த வருஷம் இரண்டும். இருப்பவருக்குப் பிறந்த வருஷம், ஒரு சின்னக் கோடு, அப்புறம் வழவழவென்று காலி இடம். இதை யாரும் விபரீதமாக நினைப்பதில்லை. மியோத்ராகின் தங்கை ஸ்தமென்கா, அதாவது ரதோய்காவின் நாத்தனார், அடுத்த வீட்டுக்காரி, தன் புருஷனுடைய கல்லில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாளியும் சோப்பும் கொண்டுபோய்த் தன் முகத்தைத் தானே கழுவிவிட்டு வருவாள்.

"கல்லுல எனக்கு வயசே ஏறல, பாத்தீங்களா அண்ணி?" என்பாள்.

கல் செதுக்கும் திஹோமிர் இருப்பது இரண்டு மணி நேரப் பயணத்தில், வேறு ஊரில். மியோத்ராகின் முகம் முடிந்துவிட்டது. ரதோய்காவின் படம் புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குள் மின்னஞ்சலில் வந்தால் செதுக்கும் இயந்திரத்தில் ஏற்றுவார். இல்லையென்றால் சனிக்கிழமை மியோத்ராக் மட்டும் நிற்பான், பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு வெற்றிடம். கோதுமை தின்ன வந்த அத்தனை பேரும் அந்த வெற்றிடத்தைத்தான் படிப்பார்கள்.

படத்தை முந்தின நாளே ஸ்தமென்கா எடுத்துவிட்டாள். கறுப்புத் துணி தலையில், வெள்ளைச் சுவர் பின்னால். திஹோமிர் சிரிக்காத படம்தான் கேட்டிருந்தார். பல்லைச் செதுக்கினால் கல் விரிசல் விட்ட மாதிரித் தெரியுமாம்.

3

புதன்கிழமை, மணி ஒன்று. மியோத்ராக் முகம் தெரியாத ஆட்களோடு சதுரங்கம் ஆட வாங்கி வைத்திருந்த மோடம், பெருவிரல் அளவு வெள்ளைக் குச்சி, கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் செருகியிருந்தது. பெட்டியின் மேல் போட்டிருந்த பின்னல் துணியின் ஓரம் அதை மூடிக்கொண்டு தொங்கியது. எங்கள் வீடுகளில் பின்னல் துணி போர்த்தாத மின்சாதனம் நிர்வாணமாக இருப்பதாகக் கருதப்படும். சேவை மையத்திலிருந்து தொலைபேசியில் வுகாஷின் முதலில் கழற்றச் சொன்னது அந்தத் துணியைத்தான். மோடம் அதற்குள் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி மாதிரிச் சுட்டது.

அப்புறம் வரிசையாக எல்லாம் நடந்தது. குச்சியை ஆற விட்டு, பெட்டியின் பின்பக்கத் துளையில் செருகினாள். சிம் அட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து, திரும்பப் போட்டாள். நாலு எண் ரகசியக் குறி கேட்டது. மியோத்ராகின் பிறந்த வருஷத்தைப் போட்டாள், தவறு. தன்னுடையதைப் போட்டாள், தவறு. மூன்றாவதும் தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும் என்று வுகாஷின் எச்சரித்தான். மோடம் வந்த டப்பாவைத் தேடியெடுத்து, அதில் அச்சடித்திருந்த எண்ணைப் போட்டாள். திறந்துகொண்டது. மியோத்ராக் அதை மாற்றவே இல்லை.

(இந்த இடத்தில், திறவுகோல் அவளுடைய பிறந்த நாளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் தோன்றியது. ஒரு பிரதியில் அப்படியே எழுதினேன். என் கண்ணிலேயே நீர் வந்தது, உடனே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.)

சிவப்பு போய்ப் பச்சை மினுக்கத் தொடங்கியது. பச்சை என்றால் தேடுகிறது. நீலம் நிலையாக நின்றால் கிடைத்துவிட்டது. செய்த ஒவ்வொன்றையும் ரதோய்கா நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். வுகாஷினுக்குப் பேனா கீறுவது கேட்டது.

4

பச்சை மினுக்கிக்கொண்டே இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள் என்றான் வுகாஷின். மடிக்கணினி என்றால் தூக்கிப் போகலாம். இது மேசை, பெட்டி, திரை, எல்லாம் சேர்த்து ஒரு கன்றுக்குட்டியின் எடை. ஸ்தமென்காவும் சேர்ந்து தள்ளினாள், தள்ளும்போதே பேசினாள். அண்ணன் எத்தனை நாள் அங்கே தனியாக நிற்பான், ஊரில் என்ன சொல்வார்கள் தெரியுமா.

"ரதோய்கா இன்னொருத்தனுக்கு இடம் விட்டு வெச்சிருக்கான்னு சொல்வாங்க அண்ணி. அந்தப் பேச்ச நான் எந்தச் சோப்பு போட்டுக் கழுவுறது?"

மேசை ஜன்னலுக்குப் போனதும் மின்கம்பி எட்டவில்லை. சமையலறையிலிருந்து நீட்டிப்புக் கம்பி இழுத்தார்கள், அதற்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். ஸ்தமென்கா காபி போடப் போனாள். விளக்கு அப்போதும் பச்சைதான். அந்த ஜன்னல் ரதோய்காவின் மகன் வெளிநாட்டில், லின்ஸ் நகரத்திலிருந்து கொண்டுவந்து மாட்டியது. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு, குளிர் புகாது. அலைவரிசையும் புகாது என்பது வுகாஷினுக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னான்.

நீலம் வந்தது.

ஸ்தமென்கா காபித் தட்டோடு வந்தாள், ஜன்னலும் கதவும் எதிரெதிரே திறந்திருப்பதைப் பார்த்தாள், தட்டை வைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள். பச்சை.*

* குறுக்குக் காற்று எங்கள் நாட்டில் எல்லாப் போர்களையும்விட அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. இறப்புச் சான்றிதழில்தான் எழுத மாட்டார்கள். கழுத்துப் பிடிப்பு, காது வலி, முகம் கோணுதல், மலட்டுத்தன்மை, எல்லாம் அதன் வேலை. நான் படித்தவள், இதை நம்பவில்லை. இதை எழுதும்போதும் என் அறையில் ஒரே ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கிறது.

ரதோய்கா திறந்தாள். ஸ்தமென்கா சாத்தினாள். நீலம், பச்சை, நீலம், பச்சை. கடைசியில் ஸ்தமென்கா ரிசீவரைப் பிடுங்கினாள்.

"யாரு பெத்த புள்ளப்பா நீ? அறுபது வயசுப் பொம்பளைய எதிர்க்காத்துல உக்கார வெச்சிருக்கியே, உங்கம்மாவ உக்கார வெப்பியா?"

வுகாஷினுக்கும் ஒரு அம்மா இருந்தாள். ஜூலை மாதத்திலும் அவனைப் பேருந்து ஜன்னலைத் திறக்க விடாத அம்மா. அவனையும் மீறி வாயிலிருந்து வந்துவிட்டது: "கதவும் திறந்திருக்கா? சொல்லவே இல்லையேம்மா. முதல்ல ஜன்னலச் சாத்துங்க."

கிடைத்த ஒரே வழியைத் தானே அடைக்கச் சொன்னான். கையேட்டில் இப்படி ஒரு படி கிடையாது. இதில் ஒன்பது நிமிடம் போயிற்று.

தீர்த்து வைத்தது ரதோய்காதான். நீட்டிப்புக் கம்பியைக் கழற்றி, கதவைச் சாத்தி, பூட்டிய வீட்டுக்குள் கடிதம் தள்ளுவது போலக் கம்பியைக் கதவின் அடியால் நுழைத்து மறுபடி மாட்டினாள். அப்புறம் ஜன்னலைத் திறந்தாள். கதவு சாத்தியிருந்ததால் ஸ்தமென்கா இந்த முறை ஜன்னலைச் சாத்த வரவில்லை. மணி ஒன்று நாற்பத்தெட்டு. நீலம் நிலையாக நின்றது.

5

இங்கே எனக்கு ரதோய்காமேல் சந்தேகம் வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

முகத்தைக் கல்லுக்குக் கொடுக்க விரும்பாத ஒருத்தி ஐம்பது நிமிடம் ஏன் இவ்வளவு ஒழுங்காக மோடத்தைச் சரிசெய்ய வேண்டும்? இரண்டாவது பிரதியில் அவளைக் கள்ளியாக்கினேன். நாத்தனார் திரும்பும்போதெல்லாம் குச்சியை லேசாக இழுத்துவிடுவாள். வாசிக்கச் சுவையாக இருந்தது, நம்பத்தான் முடியவில்லை. குச்சியை இழுக்கிறவள் நோட்டில் எண் போட்டு எழுத மாட்டாள்.

பிறகு காரணங்கள் கொடுத்துப் பார்த்தேன். மியோத்ராக் அடிப்பவன் என்று எழுதினேன். செத்தவனைப் பற்றி ஆதாரமில்லாமல் எப்படி— வேண்டாம். தபால் நிலையத்தில் ஒரு பழைய காதல் என்று எழுதினேன். ஸ்தமென்கா சொன்னதையே நானும் சொல்கிறேன் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது.

முடிவுகளும் அப்படித்தான். படம் போய்ச் சேர்கிறது, சனிக்கிழமை தன் முகத்துக்கு முன் நின்று ரதோய்கா கோதுமை தின்கிறாள். அல்லது ஒன்று ஐம்பத்தெட்டுக்கு ஊர் முழுக்க மின்சாரம் போகிறது. அல்லது ஸ்தமென்காவே பொத்தானை அழுத்திவிடுகிறாள். மூன்றிலும் ரதோய்கா எதுவும் செய்ய வேண்டியதில்லை. எனக்கு வசதியாக இருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். உங்களுக்கு இந்த மூன்றில் ஏதாவது பிடித்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

6

வுகாஷின் என்று யாரும் கிடையாது. ஹெட்போன் மாட்டியிருந்தவள் நான். முந்தின பக்கங்களில் ரதோய்கா கேட்டதும் ஸ்தமென்கா திட்டியதும் என்னைத்தான், அந்த அம்மாவும் என் அம்மாதான். ரதோய்கா கடைசியில் சொன்னதைக் கேட்டும் எதுவும் விளங்காமல் உட்கார்ந்திருந்தது ஒரு ஆண் என்று எழுதினால் வாசிப்பவர்கள் உடனே நம்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். 

எங்கள் மையத்தில் ஒரு விதி உண்டு. நீலம் வந்தால் மட்டும் போதாது, வாடிக்கையாளர் எதையாவது அனுப்பி, அது போய்ச் சேர்ந்த பிறகே படிவத்தில் 'தீர்ந்தது' என்று குறிக்க வேண்டும். ரதோய்காவின் படம் திஹோமிரின் முகவரியோடு திரையில் தயாராக இருந்தது. வசதியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"அந்தப் போட்டோவையே அனுப்புங்கம்மா. போகுதான்னு பார்த்துடலாம்" என்றேன்.

பேனா கீறுவது நின்றது. பின்னால் ஸ்தமென்கா மணியைச் சொன்னாள், ஒன்று ஐம்பத்திரண்டு. தெருவில் ஒரு டிராக்டர் போவது கேட்டது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"நெட் நல்லா வேலை செய்யுது, கண்ணு. நீ நல்லா சொல்லிக் குடுத்த. இது உன் தப்பில்ல" என்றாள் ரதோய்கா. அப்புறம், அதே குரலில், கொஞ்சமும் உயர்த்தாமல்: "ஆனா நான் இத அனுப்பப் போறதில்ல."

ஸ்தமென்கா ஏதோ கேட்டாள். ரதோய்கா ரிசீவரை விலக்காமலே அவளுக்குப் பதில் சொன்னாள், அதனால் எனக்கும் கேட்டது.

"உங்கண்ணன் கல்லுல உங்கண்ணன் இருக்கட்டும், ஸ்தமென்கா. நான் வரல."

கோப்பை வைக்கிற சத்தம். திறந்து மூடுகிற கதவு. ரதோய்கா ரிசீவரை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. என் கை படிவத்தின் மேல் இருந்தது. கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அன்றிலிருந்து, இந்தக் கதையின் ஒவ்வொரு பிரதியிலும், அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஏம்மா?"

"காரணம் எழுதணும்னு உங்க படிவத்துல இருக்கா?"

"இல்லம்மா."

"அப்ப வேண்டாம்" என்றாள்.