பலகையில் எழுதிய நேரம்

பெரில் ஹாஸ்கினின் விடுதியில் ஆறு அறைகள். அவற்றில் ஒன்றிலிருந்துதான் கடல் தெரியும், அதுவும் ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினால். அப்படியும் வருடா வருடம் ஆட்கள் திரும்பி வந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் பெரிலின் வாய்தான். கடலோர ஊரான பிரைட்டனுக்கு வருகிற கூட்டமெல்லாம் போகிற இடத்துக்குத் தன் விருந்தாளிகள் போவது அவளுக்குப் பிடிக்காது. கடல்பாலத்து வேடிக்கைக் கடைகளில் காசைக் கரைக்காதீர்கள் என்பாள். அரண்மனையை வெளியே நின்று பார்த்தால் போதும் என்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கிழக்கே பஸ் ஏறிப் போனால் வெள்ளைப் பாறைகள் இருக்கின்றன, கடல் உள்வாங்கியிருக்கும்போது அவற்றின் அடிவாரத்திலேயே நடக்கலாம் என்பாள். ஏதோ தன் சொந்தச் சொத்தைத் தூக்கிக் கொடுக்கிற தோரணை.

அதற்காகவே கூடத்துச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. கடல் எப்போது உள்வாங்கும், எப்போது ஏறும் என்று தினமும் காலையில் சாக்பீஸால் எழுதிவிடுவாள். துறைமுகத்தில் விற்கிற கடல்நேரப் புத்தகத்தில் வருடம் முழுக்கக் குளிர்கால நேரம்தான் அச்சாகியிருக்கும். கோடையில் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதால், பெரில் ஒரு மணி நேரம் கூட்டி எழுதுவாள். ஏழு மாதமாகக் கூட்டிக் கூட்டிக் கை பழகிவிட்டது.

அக்டோபரின் அந்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மறுபடி ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். அது பெரிலுக்கு நன்றாகவே தெரியும். கூடுதலாகக் கிடைத்த தூக்கத்தைப் பற்றி ரேடியோவிடமே பேசிக்கொண்டுதான் பன்றி இறைச்சியை வாணலியில் போட்டாள்.

மூன்றாம் அறையில் இமோஜன் என்ற இளம் தாயும் ஆறு வயது மகள் போசியும் தங்கியிருந்தார்கள். காலை உணவை முடித்த இமோஜன், "இன்னைக்கு எங்க போகலாம்?" என்று கேட்டதுதான் தாமதம், பெரில் பாறைகளைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள்.

"பலகையப் பாத்துக்குங்க. பன்னெண்டு மணிக்குக் கடல் நல்லா உள்ள போயிரும். ரெண்டு மணிக்குள்ள திரும்பி வந்து படி ஏறிடணும். நடுவுல மேல ஏற வேற வழி கிடையாது. என்ன கண்ணு, அம்மாவ வேகமா நடக்க வைப்பியா?"

"அம்மாதான் மெதுவா நடப்பாங்க," என்றாள் போசி.

குழந்தையின் மஞ்சள் கோட்டுக்குப் பொத்தான் போட்டு, ரொட்டியும் சூடான டீயும் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து கையசைத்து அனுப்பினாள்.

வீட்டுக் கடிகாரங்களைத் திருத்துவது அவள் கணவன் டெஸ்மண்டின் வேலை. அவன் வேகத்துக்கு அது ஒரு நாள் வேலை. நடுவில் செய்தித்தாள், நடுவில் டீ. கூடத்துக் கடிகாரத்துக்கு அவன் ஸ்டூலைத் தூக்கி வந்தபோது அது ஒன்றரையைக் காட்டியது. முள்ளைப் பன்னிரண்டரைக்குத் தள்ளிவிட்டு, இறங்கும்போது பலகையைப் பார்த்தான்.

"பெரில், புத்தகத்துல பதினொண்ணுன்னு பாத்ததா ஞாபகம். இன்னைக்கும் கூட்டிட்டியா?"

துடைத்துக்கொண்டிருந்த தட்டை பெரில் கீழே வைத்தாள். கடல் பதினொன்றுக்கே உள்வாங்கி முடித்துத் திரும்பிவிட்டது. ஒன்றரை மணிக்கெல்லாம் தண்ணீர் பாறையைத் தொட்டுவிடும். இரண்டு மணிவரை நேரம் இருக்கிறது என்று அவள் அனுப்பி வைத்தவர்கள், இந்த நேரத்தில் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

"கடலோரக் காவலுக்குப் போன் பண்றேன்."

"கொஞ்சம் பொறு," என்றான் டெஸ்மண்ட். "அந்தப் பொண்ணுக்குக் கண்ணு இல்லையா? தண்ணி வந்தா ஓடி வந்துற மாட்டாளா? மீட்புப் படகுல போறவங்க சம்பளத்துக்கா வர்றாங்க? ஞாயித்துக்கிழமைச் சாப்பாட்டுல உக்காந்திருப்பாங்க. ஒண்ணுமில்லாததுக்கு அவங்களை எழுப்பி விட்டா ஊர் சிரிக்கும்."

ஊர் சிரிக்கும் என்ற சொல்லுக்கு பெரில் கட்டுப்பட்டாள். அவள் வளர்ந்த வளர்ப்பு அப்படி. வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இல்லாமல் எரிய வேண்டும் என்று நினைக்கிற ஜனங்கள் அவர்கள். தொலைபேசியின் மேல் கையை வைத்தாள், எடுத்தாள். ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கூடத்துக் கடிகாரம் ஒரு மணி அடித்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று எண்ணைச் சுழற்றினாள்.

மறுமுனையில் பேசிய ஆள் பதறவே இல்லை. "எத்தனை பேரு? குழந்தைக்கு என்ன வயசு? என்ன கலர் உடுப்பு?"

"மஞ்சள் கோட்டு. நான்தான் பொத்தான் போட்டு விட்டேன்."

"அவங்களுக்கு நேரம் தெரியாதாம்மா?"

"நான்தான் தப்பா எழுதிட்டேன்," என்றாள் பெரில்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், டெஸ்மண்ட் சட்டைக் கையால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"எதுக்கு வம்பு? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"தள்ளிப் போ," என்றாள். முப்பது வருடத்தில் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. ஆனால் பலகையில் அழிந்தது அழிந்ததுதான்.

அதன் பிறகு அவளால் உட்கார முடியவில்லை. தொலைபேசி பேசாமல் கிடந்தது. மூன்றாம் அறைக்குப் போனாள், தலையணையில் உட்கார்ந்திருந்த துணி முயலைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தாள். கடவுளை அவள் தொந்தரவு செய்தே பல வருடம் ஆகியிருந்தது. அன்று செய்தாள்.

மூன்றேகால் மணிக்கு வாசல் மணி அடித்தது. போலீஸ் என்றுதான் நினைத்தாள். கதவைத் திறந்தால் மஞ்சள் கோட்டு. பெரில் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அருமையான இடம் மிசஸ் ஹாஸ்கின்," என்றபடி இமோஜன் காலணியின் மண்ணைத் தட்டினாள். "நீங்க சொன்ன மாதிரியே ரெண்டு மணிக்கு டாண்ணு படி ஏறிட்டோம். கொஞ்ச நேரத்துல அலை வந்து பாறைய அறையுது. மேல டீக்கடையில உக்காந்து பாத்துட்டு இருந்தோம். ஒரு மீட்புப் படகு வந்து பாறையோரமா போயிப் போயிப் பாத்துச்சு. எந்த மடையன் மாட்டிக்கிட்டானோ. போசி அதுக்குக் கை காட்டுனா."

பெரிலுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு மணிக்கு அங்கே படியே தண்ணீரில் இருந்திருக்குமே. அதற்குள் இமோஜன் கூடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க கடிகாரம் நின்னுபோச்சா என்ன? எனக்கு நாலேகால் ஆகுது."

"ராத்திரியோட நேரம் மாறிருச்சும்மா," என்றான் டெஸ்மண்ட்.

"அட, மறந்தே போச்சு. அதான் பஸ் அவ்வளவு லேட்டுன்னு திட்டிட்டு நின்னேன்." தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். "இப்படி ஒரு மண்டை எனக்கு."

அவளும் மறந்திருக்கிறாள். அவள் கைக்கடிகாரத்தின் இரண்டு மணி, உண்மையில் ஒரு மணி. அந்த மறதி ஒன்றுதான் தாயையும் பிள்ளையையும் கரை சேர்த்திருக்கிறது. அவள் ஒழுங்கான பெண்ணாக இருந்து காலையில் கடிகாரத்தைத் திருத்தியிருந்தால்? இமோஜனின் முதுகுக்குப் பின்னால் டெஸ்மண்ட், விட்டுவிடு என்று தலையை ஆட்டினான். விட்டுவிடலாம்தான். பலகை சுத்தமாக இருந்தது. இமோஜன் அடுத்த வருடத்துக்கும் அறை கேட்டுவிட்டுப் போவாள்.

"அந்தப் படகு உங்களைத் தேடித்தான் வந்துச்சு," என்றாள் பெரில். "நான் நேரத்தத் தப்பா எழுதிட்டேன். பழைய நேரமே எழுதிட்டேன். உங்க வாட்ச் மட்டும் சரியா இருந்திருந்தா..."

இமோஜனின் முகத்தில் சிரிப்பு போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மகளின் தோளைப் பிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். போசி அம்மாவின் கையிலிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

"அப்போ அவங்க இன்னும் எங்களைத் தேடிட்டு இருக்காங்களா?"

பெரில் தொலைபேசிக்கு ஓடினாள்.