அடுப்பு நல்லா எரியுது

"அந்தப் பித்தளை அடுப்பு இன்னும் எரியுதா, இசா?" என்று அண்ணன் போனில் கேட்டபோது, "நல்லா எரியுதுண்ணே" என்று சொல்லிவிட்டேன். அடுப்பு வீட்டில் எந்த மூலையில் கிடக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

அண்ணன் ரெய்மண்ட் பெர்த்துக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. கிறிஸ்மஸுக்கு வருவதாகவும், அது முடிந்ததும் ஃபிரேசர் மலையில் இரண்டு நாள் ஹோட்டல் எடுத்திருப்பதாகவும் சொன்னான். அண்ணி, குழந்தை, அண்ணியின் அக்கா குடும்பம் எல்லாரும் வருகிறார்கள்.

"நீயும் வா. எங்களோடயே தங்கிக்கலாம்."

தங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் அம்மாவின் அடக்கத்துக்கு அவன் மூன்று நாள் வந்திருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. வீடு முழுக்க ஆட்கள், யாராவது ஒருவர் எப்போதும் அவனிடம் பேசிக்கொண்டே இருந்தார்கள். அம்மா போய்விட்டாள் என்பதை எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விதத்தில் நாங்கள் ஒரு தடவைகூடப் பேசிக்கொள்ளவில்லை. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்தபோது அவன் சட்டையில் எனக்குத் தெரியாத ஒரு சோப்பின் வாசம் இருந்தது.

"நான் பக்கத்துல டெண்ட் போட்டுக்கிறேன். நீ காலைல வா. ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்றேன்.

"டெண்டா? தனியாவா?" என்று சிரித்தான். அப்போதுதான் அடுப்பைப் பற்றிக் கேட்டான். "அந்த அடுப்புல டீ போட்டா வர்றேன். நீயும் நானும் மட்டும். இவங்ககிட்ட ஒரு மணி நேரம் லீவு கேட்டுக்கிறேன்."

எரியவில்லை என்று சொன்னால் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைக்காது. அதனால்தான் பொய் சொன்னேன்.

அடுப்பு அம்மாவின் கட்டிலுக்கடியில், பழைய அரிசிப் பையில் சுற்றிக் கிடந்தது. பள்ளி முடித்த வருடம் லீவில் வேலை செய்த சம்பளத்தில் அண்ணன் ஞாயிறு சந்தையில் வாங்கிய அடுப்பு அது. மூன்று கால், உருண்டையான பித்தளைத் தொட்டி, பக்கத்தில் சைக்கிள் பம்பு போன்ற ஒரு சின்னக் கைப்பிடி. மண்ணெண்ணெய் ஊற்றி, மேலே கிண்ணத்தில் ஸ்பிரிட்டைப் பற்றவைத்துச் சூடாக்கி, பம்பு அடித்தால் நீல நிறத்தில் இரைந்து எரியும். அது எரியும்போது கத்தித்தான் பேச வேண்டும். நாங்கள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்போம்.

கைப்பிடியை இழுத்துத் தள்ளினேன். தடையே இல்லாமல் உள்ளே போயிற்று, வெளியே வந்தது. கழற்றிப் பார்த்தால் பம்பின் நுனியில் இருக்கும் தோல் வாஷர் கருவாட்டுத் தோலைப் போல வெடித்திருந்தது. எண்ணெய் ஆவி வெளியே வரும் சின்ன நிப்பிளையும் காணோம். அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், வழி சொல்லிவிடுவான். ஆனால் 'நல்லா எரியுது' என்று சொன்ன பிறகு எதைக் கேட்பது?

கோலசிலாங்கூரில் ஆற்றோரமாக வலையும் தூண்டில் முள்ளும் விற்கும் ஒரு பழைய இரும்புக்கடை இருக்கிறது. சனிக்கிழமை அங்கே போனேன். கடை முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே தோட்டத்து ஆட்களிடம் வியாபாரம் செய்தே தமிழ் கற்றவர்.

"அடுப்பு நிப்பிளா? ஐயோ தங்கச்சி, அந்த அடுப்பு வச்சிருந்த ஆளெல்லாம் செத்துப் போச்சி லா."

"நான் சாகலியே தவுக்கே."

"கேஸ் அடுப்பு வாங்கு. சின்னது, டப்பா மாதிரி. டக்குனு பத்தும்."

"எனக்கு இதுக்குத்தான் வேணும்."

"யாருக்கு டீ போடப் போற? மாப்பிள்ளைக்கா?"

"அண்ணனுக்கு."

"அண்ணனுக்கா!" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கும் தங்கச்சி மூனு பேரு இருக்கு. ஒருத்தியும் எனக்கு டீ போட்டதில்ல."

முனகிக்கொண்டே ஏணியில் ஏறினார். ஒரு பிஸ்கெட் டின்னை இறக்கி மேசையில் கொட்டினார். முள், திருகு, சங்கிலித் துண்டுகளுக்கு நடுவில் பித்தளை நிப்பிள்கள் நாலைந்து கிடந்தன. "ரெண்டா எடுத்துக்கோ. ஒன்னு கெட்டுப்போயி நீ திரும்பி வரும்போது நான் இருப்பேனா, தெரியாது லா."

தோல் அவரிடம் இல்லை. அவர் கொடுத்த ரப்பர் வாஷர் மண்ணெண்ணெயில் இரண்டே நாளில் ஊதிப்போய், கைப்பிடி நகர மறுத்தது. இணையத்தில் தேடினேன். இந்தியாவிலிருந்து வர ஆறு வாரம் என்றார்கள். அண்ணன் வர மூன்று வாரம்தான் இருந்தது.

நான் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறேன். குலை ஏற்றிவரும் லோரிகளை மேடையில் நிறுத்தி எடை எழுதும் வேலை. என்னோடு அந்தச் சின்ன அறையில் உட்காரும் தனேஸ்வரிதான், நான் உடைந்த தோலை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கேட்டாள்.

"இது எங்கம்மா பம்புக்குள்ள இருக்கிறதாச்சே?"

"எந்தப் பம்பு?"

"மருந்தடிக்கிற பம்புடி. பழசு. இப்ப எல்லாருக்கும் பிளாஸ்டிக் குடுத்துட்டாங்க. அம்மா மட்டும் பழசத்தான் கட்டிக்கிட்டு அழுவுது."

அன்று சாயங்காலமே அவளோடு தோட்டத்துக்குப் போனேன். அவள் அம்மா காளியம்மா, வேலை முடிந்து வந்து லயத்து வீட்டு வாசலில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். களைக்கொல்லி அடிக்கும் வேலை அவருக்கு. என் உடைந்த தோலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செத்துருச்சு. இதுக்குப் பூசை பண்ணிப் பொதச்சிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு சின்ன டப்பாவிலிருந்து புதுத் தோல் ஒன்றை எடுத்து வந்தார். "கொஞ்சம் பெருசா இருக்கும். ஓரத்தக் கத்திரியால வெட்டிக்க. அப்பறம் ராத்திரி முழுக்கத் தேங்காண்ணெயில ஊறப் போடு. நாங்க அப்படித்தான் செய்வோம். ஒரு பாட்டில்ல எண்ணெய கையில வச்சிக்க, காய்ஞ்சா ரெண்டு சொட்டு விடு."

"வேற எண்ணெய் எதும் போடணுமா ஆண்ட்டி?"

"முதுகுல இருவது லிட்டரு தூக்கிக்கிட்டு நடக்கிறவ சொல்றேன், கேளு. எங்க கொண்டுபோற இத?"

"ஃபிரேசர் மலைக்கு."

"அங்க என்னா இருக்கு?"

"குளிரு இருக்கும்மா" என்றாள் தனேஸ்வரி.

"குளிருக்குக் காசு குடுத்துப் போறீங்களா? ஆபீசுலதான் ஏர்கான் இருக்குல்ல, அத நல்லாத் திருப்பி விட்டு உட்கார வேண்டியதுதான?"

மூவரும் சிரித்தோம். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

அவர் சொன்னபடியே செய்தேன். மறுநாள் தோல் மெத்தென்று, காது மடலைப் போலிருந்தது. பம்புக்குள் விட்டுத் தள்ளியபோது கைப்பிடி என் கையை எதிர்த்துத் தள்ளியது. யாரோ உள்ளிருந்து பதில் சொல்வதைப் போல இருந்தது. வீட்டுப் பின்புறம் சிமெண்டுத் தரையில் வைத்துப் பற்றவைத்தேன். ஒரே இரைச்சல். பக்கத்து வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது. சீக்கிரம் அணைத்துவிட்டேன். முதல் டீ அண்ணனோடுதான் என்று வைத்திருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு அண்ணன் அண்ணியின் பிறந்த வீட்டில் இருந்தான். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவனைப் பத்து நிமிடம் பார்த்தேன். அப்போதும் குழந்தை அவன் தோளில் அழுதுகொண்டிருந்தது. இருபத்தேழாம் தேதி நான் காரை எடுத்துக்கொண்டு சுங்கை சோ தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது மழை. டெண்டைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து ரொட்டியைத் தின்றேன். முகாமில் என்னைத் தவிர யாரும் இல்லை. அடுப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

காலை ஏழரைக்குப் பனிமூட்டத்துக்குள்ளிருந்து அண்ணன் வந்தான். அரைக்கால் சட்டை, கைகளை அக்குளில் செருகியிருந்தான். அடுப்பைப் பார்த்ததும் முகம் மாறியது. குனிந்து தொட்டியைத் தட்டிப் பார்த்தான்.

"பாரேன், அந்த நசுக்கல் அப்படியே இருக்கு."

"நீதான் கீழ போட்ட."

"நீதான் போட்ட. பழிய எம்மேல போட்டு அம்மாகிட்ட அடி வாங்க வச்ச." கல்லில் உட்கார்ந்தான். "இசா, ஒன்பது மணிக்கு வேன் வருது. பாப்பாவுக்குச் சளி. இன்னிக்கே இறங்கிடலாம்னு சொல்றாங்க. சீக்கிரம் போடு."

ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்தேன். மஞ்சளாக எரிந்தது. பம்பு அடித்தேன். கைப்பிடி கனமாக, மெதுவாக உள்ளே போயிற்று. ஆனால் காற்று ஏறவில்லை. ஸ்பிரிட் எரிந்து அணைந்தது. மறுபடி ஊற்றினேன். தோல் காய்ந்துவிட்டதோ என்று நினைத்து எண்ணெய் பாட்டிலுக்காகப் பையைத் துழாவினேன். போர்வைக்கடியில் எங்கோ போய்விட்டது.

"தா, நான் அடிக்கிறேன்" என்று அண்ணன் வாங்கினான். அவனும் அடித்தான். நிப்பிளைக் கழற்றி ஊதினான், மாட்டினான். நான் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளும் தூரத்தில் இருந்தன. பேசியதெல்லாம் அடுப்பைப் பற்றித்தான். இதை இறுக்கு, அதை விடு, தீப்பெட்டி எங்கே. நான் பேச வேண்டும் என்று ஒரு வருடமாக வைத்திருந்தது அந்தச் சொற்களுக்கு நடுவில் எங்கேயும் நுழைய முடியவில்லை.

மூன்றாவது தடவை ஸ்பிரிட் அணைந்தபோது அவன் நிமிர்ந்தான்.

"கடைசியா எப்ப எரிஞ்சுது இது?"

"போன வாரம்."

"அதுக்கு முன்ன?"

நான் தீப்பெட்டியைத் திறந்து மூடினேன்.

"அன்னிக்கி போன்ல பொய்தான சொன்ன?" என்று கேட்டான். கோபமில்லை. எங்கள் அம்மா சிரிப்பை அடக்கும்போது அவள் வாய் எப்படிக் கோணுமோ, அப்படி அவன் வாய் கோணியது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் போன் அடித்தது.

"ம்... வந்துட்டேன்... பத்து நிமிஷம்" என்றான். எழுந்து காலைத் தட்டினான். "பரவால்லடி. ஹோட்டல்ல சுடச்சுட டீ இருக்கு, வா போலாம்."

"நீ போண்ணே. இதெல்லாம் கட்டிட்டு வர்றேன்."

என் தலையில் கையை வைத்து ஓர் ஆட்டு ஆட்டினான். சரளைக்கல்லில் அவன் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. நான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போகமாட்டேன் என்று அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்பதரை இருக்கும். பனி விலகி, மரங்களுக்கு மேலே வெயில் வந்தது. நான் போர்வையை மடித்தபோது எண்ணெய் பாட்டில் உருண்டு விழுந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு யாருடைய பாட்டிலோ என்று ஒரு கணம் நினைத்தேன். உள்ளே வெள்ளையாக, மெழுகுவர்த்தியைப் போல ஏதோ இருந்தது. கவிழ்த்தேன். நகரவில்லை. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் குளியலறையில் தேங்காயெண்ணெய் பாட்டில் இருந்திருக்கிறது, எங்கள் ஊர் வெக்கையில் அது தண்ணீரைப் போலத்தான் இருக்கும். இப்படி உறையும் என்று எனக்குத் தெரியாது. காளியம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

பம்பைக் கழற்றினேன். தோலைச் சுற்றி வெள்ளைப் பசை அப்பியிருந்தது. தோல் மரக்கட்டையாக இருந்தது. இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தேன். விரலிடுக்கில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. அவன் இருந்தபோது இப்படிப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

மறுபடி மாட்டித் தள்ளியபோது கைப்பிடி என்னை எதிர்த்துத் தள்ளியது. கடைசிச் சொட்டு ஸ்பிரிட்டையும் ஊற்றினேன். பத்து தடவை பம்பு. நீலமாகப் பற்றி, காடே கேட்கும்படி இரைந்தது. கேத்தலை வைத்தேன். பழக்கத்தில் இரண்டு டீக் குவளைகளையும் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

போன் அடித்தது. ஒரே ஒரு கோடுதான் சிக்னல்.

"இசா, நாங்க இறங்கிட்டிருக்கோம். சாப்டியா?"

"அண்ணே, அடுப்பு நல்லா எரியுது."

"போடி" என்று சிரித்தான். பின்னால் குழந்தை இருமியது. "இன்னுமா அந்தப் பொய்ய விடல?"

"இல்லண்ணே. இங்க கேளு."

போனை அடுப்பின் பக்கத்தில் பிடித்தேன். கை சுடும்வரை பிடித்திருந்தேன். பிறகு காதில் வைத்து, "கேட்டுச்சா?" என்றேன். எதுவும் இல்லை. எப்போது துண்டித்தது என்று தெரியவில்லை. மலைப்பாதையில் எத்தனையோ வளைவுகள்.

பேசிய நேரம் நாற்பத்தொரு வினாடி என்று போன் காட்டியது. அதில் எங்கள் பேச்சு எவ்வளவு இருக்கும், அடுப்புச் சத்தம் எவ்வளவு இருக்கும் என்று நாங்கள் பேசியதை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை பேச்சு இருபது வினாடி வந்தது, அப்படியானால் அடுப்புச் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். இன்னொரு தடவை நாற்பது வந்தது. கேத்தல் கொதித்து மூடி ஆடத் தொடங்கியது. கல்மேல் வைத்திருந்த பாட்டிலில் எண்ணெய் முழுக்க உருகி, வீட்டில் இருப்பதைப் போலவே தெளிந்திருந்தது.